அருமைநாயகத்தம்மாள் வாங்கிய அப்பளம்

கல்லிடைக்குறிச்சி
3 ஆகஸ்டு 1911

கர்த்தருக்குள் அன்பான ஜெபகனி மதினிக்கு, நாத்தனார் யூனிஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே ஒருவருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு எப்படி? ஆற்றில் புதுத் தண்ணீர் கரை தட்டிப் போகிறது. அவர் வீட்டில்தான் இருக்கிறார், கைப்பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுகிறார். காரியம் என்னவென்றால், கிரேஸை இந்த மாதத்தோடு போர்டிங்கிலிருந்து நிறுத்திவிடலாம் என்று இருக்கிறோம். நாலாம் வகுப்பு வரை படித்தது போதும். எனக்கும் வீட்டில் ஒத்தாசை வேண்டும். ஒரு சனிக்கிழமை ரயிலில் அண்ணன் அவளைக் கூட்டிவந்து விட்டால் நல்லது. கார்டில் இடம் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு முத்தம்.

யூனிஸ்

*

பாளையங்கோட்டை
8 ஆகஸ்டு 1911

பிரியமுள்ள யூனிஸுக்கு, மதினி ஜெபகனி ஆசீர்வாதம் சொல்லி எழுதும் கடிதம். நாங்கள் சுகம். சின்னவளுக்கு இருந்த இருமல் தூதுவளை ரசத்தில் அடங்கியது. உங்கள் சுகத்தை ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன், ஏனென்றால் உன்னிடம் கேட்டால் நீ சொல்ல மாட்டாய்.

கலியாணமான நாள் முதல் நீ எனக்கு அரையணா உறையில்தான் எழுதுவாய். ஆனி மாதம் முதல் காலணாக் கார்டு வருகிறது. மூன்று கார்டிலும் "அவர் வீட்டில்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். ஸ்டேஷனில் மூட்டை ஏற்றுகிற மனுஷன் பகலெல்லாம் வீட்டில் ஏன் இருக்கிறார்? நான் பள்ளிக்கூடம் போகாமல் உன் அண்ணனிடம் எழுத்துப் படித்தவள்தான், ஆனாலும் கூட்டத் தெரியும். சந்தையில் உங்கள் ஊர் வண்டிக்காரரைப் பிடித்து விசாரித்தேன். அரிசி மூட்டையோடு விழுந்து உன் வீட்டுக்கார அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்ததும், இரண்டு மாதமாய்க் கூலி இல்லாததும் தெரிந்தது. ஏட்டி, இதை ஊரான் சொல்லியா நாங்கள் கேட்கவேண்டும்?

கிரேஸை அனுப்ப மாட்டேன். வகுப்பில் முதலாவதாக நிற்கிறாள். இன்னும் நாலு வருஷம் படித்தால் டீச்சர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று போர்டிங் அம்மாள் சொல்லியிருக்கிறார்கள். மாதம் பன்னிரண்டணா போர்டிங் பணத்துக்காக அவளைத் தொட்டில் ஆட்ட வைக்கக்கூடாது. மூன்று ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். வாங்கிக்கொள்.

ஜெபகனி

*

கல்லிடைக்குறிச்சி
15 ஆகஸ்டு 1911

அன்பான மதினிக்கு, யூனிஸ் வணக்கமாய் எழுதுவது. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. அவர் கால் கட்டுப் பிரிக்கத் தை மாதம் ஆகுமாம். வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் முன்னைவிடப் பலமாய் இருக்கிறது.

மணியார்டரைத் தபால்காரர் கையிலேயே திருப்பிவிட்டேன். கோபப்படாதேயுங்கள். அண்ணனுக்கு வாத்தியார் சம்பளம் ஒன்பது ரூபாய். நீங்கள் ஆறு பேர். அதில் மூன்று ரூபாய் எங்கே இருந்து வந்தது என்று எனக்கும் கூட்டத் தெரியும். அவரும் சொல்லுகிறார்: "உங்க அண்ணன் பிள்ளை வாயில இருந்து பிடுங்கி என் பிள்ளைக்குப் படிப்பா? வேண்டாம்ளா." தருமக் காசில் படித்தாள் என்ற பேர் கிரேஸுக்கு வேண்டாம். மாதக் கடைசியில் அனுப்பிவிடுங்கள். வண்டிக்காரர் வசம் கொஞ்சம் புளி அனுப்பியிருக்கிறேன். நம் வாசல் மரத்துப் புளி.

யூனிஸ்

*

பாளையங்கோட்டை
22 ஆகஸ்டு 1911

யூனிஸுக்கு, மதினி எழுதுவது. புளி வந்தது, குழம்பு வைத்தோம், உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். எல்லாரும் சுகம். அண்ணன் காலில் நொச்சி ஒத்தடம் கொடு.

தருமம் வேண்டாம் என்றாய். சரி, வியாபாரம் பேசுவோம். உங்கள் ஊர் அப்பளம் என்றால் இங்கே வாயைத் திறக்கிறார்கள். கடையில் வாங்கினால் பழையது, பாதி ஒடிசல். நீ அங்கே கடையில் புதிதாய் வாங்கி, ரயிலோடு வருகிற தெரிந்த கார்டு ஐயா வசம் போட்டுவிடு. நான் இங்கே நாலு வீட்டில் விற்கிறேன். நூறு உனக்கு ஆறணாவுக்குக் கிடைத்தால் நான் பத்தணாவுக்குத் தள்ளுவேன். முதல் பணத்தை உனக்கு அனுப்பிவிடுகிறேன், லாபத்தை கிரேஸ் பேரில் போர்டிங்கில் கட்டுகிறேன். மாதம் முந்நூறு போனால் பன்னிரண்டணா நிற்கும். இதில் ஒருவர் கை மேலே, ஒருவர் கை கீழே என்று இல்லை. இரண்டு கையும் அப்பள மாவு.

மாட்டேன் என்று எழுதினால் நானே ரயில் ஏறி வருவேன். அந்தச் செலவும் உன் தலையில்தான்.

ஜெபகனி

*

கல்லிடைக்குறிச்சி
2 செப்டம்பர் 1911

அன்பான மதினிக்கு, யூனிஸ் எழுதுவது. எல்லாரும் சுகம். நொச்சி ஒத்தடம் கேட்டது. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது.

வியாபாரம் என்றபடியால் அவர் சம்மதித்தார். பெரிய கடை பரமசிவன் அண்ணாச்சியிடம் போனேன். "என்ன யூனிஸு, ரயில்காரன் பெண்டாட்டிக்கு அப்பள ஏவாரமா?" என்றார். "காலு ஒடிஞ்சா கையாவது ஓடணும்லா அண்ணாச்சி" என்றேன். சிரித்துக்கொண்டு முந்நூறு கடனாய்க் கொடுத்தார். மாதம் முடிய முதல் கொடுத்தால் போதுமாம். ஓலைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கியிருக்கிறேன். ஒன்றுகூட ஒடியாது. மதினி, கிரேஸிடம் அம்மா ஏவாரம் செய்யுறா என்று சொல்லுங்கள். அவளுக்குச் சிரிப்பு வரும்.

யூனிஸ்

*

பாளையங்கோட்டை
5 அக்டோபர் 1911

பிரியமுள்ள யூனிஸுக்கு, மதினி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபை, சுகமாய் இருக்கிறோம். கிரேஸ் ஞாயிற்றுக்கிழமை வந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனாள். கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டாம். மீதி இரண்டுக்காக அழுதாள். என் மருமகள்தான்.

நம் கணக்கு இதோ. டாக்டர் வீடு ஐம்பது. வக்கீல் குமாஸ்தா வீடு இருபத்தைந்து. எதிர்வீட்டுத் தையற்காரி இருபத்தைந்து. அருமைநாயகத்தம்மாள் இருநூறு. ஆக முந்நூறு. வரவு ஒரு ரூபாய் பதினாலணா. அதில் முதல் ஒரு ரூபாய் இரண்டணா உனக்கு அனுப்பினேன். லாபம் பன்னிரண்டணா போர்டிங்கில் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

அருமைநாயகத்தம்மாளை உனக்குத் தெரியாது. புதிதாய் வந்த குடும்பம். வீட்டில் எப்போதும் பந்திதான். நல்ல மனுஷி.

ஜெபகனி

*

கல்லிடைக்குறிச்சி
10 நவம்பர் 1911

அன்பும் ஜெபமும் மறவாத மதினிக்கு, யூனிஸ் எழுதுவது. மழை விடாமல் பெய்கிறது. ஆனாலும் சளி இருமல் இல்லை. நீங்கள் நனையாமல் இருங்கள்.

இரண்டாம் மாதமும் முந்நூறும் போய்விட்டது என்று வாசித்து அவர் கட்டுப்போட்ட காலைத் தரையில் தட்டினார். பிறகு "அம்மா" என்றார். பரமசிவன் அண்ணாச்சிக்கும் எங்கள்மேல் மதிப்பு வந்திருக்கிறது. ஆகையால் கிறிஸ்துமஸுக்கு ஐந்நூறு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அருமைநாயகத்தம்மாள் ஒருத்தியே முந்நூறு எடுக்க மாட்டார்களா? எங்கள் ராத்திரி ஜெபத்தில் அவர்கள் பேரையும் சேர்த்திருக்கிறோம். முகம் தெரியாத மனுஷி, என் பிள்ளைக்குப் படிப்புக் கொடுக்கிறார்களே. அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள்? எந்தத் தெரு? எழுதுங்கள்.

யூனிஸ்

*

பள்ளிக்கூடத்திலிருந்து
20 நவம்பர் 1911

தங்கை யூனிஸுக்கு, அண்ணன் ஞானசிகாமணி எழுதுவது. சுகம், ஆனால் வயிறு சரியில்லை. காரணம் கீழே. இந்தக் கடிதம் உன் மதினிக்குத் தெரியாது. பதிலும் அவளுக்குத் தெரியவேண்டாம்.

அம்மா, ஐந்நூறு அனுப்பாதே. உன் காலில் விழுகிறேன்.

அருமைநாயகத்தம்மாள் என்று இந்தப் பூலோகத்தில் யாரும் இல்லை. மாதம் நூறுதான் விற்கிறது. மீதி இருநூறையும் நாங்கள் தின்னுகிறோம். காலையில் பழைய சோற்றுக்கு அப்பளம். மத்தியானம் அப்பளக் குழம்பு. சாயங்காலம் பிள்ளைகள் பசி என்றால் சுட்ட அப்பளம். போன வாரம் சின்னவள் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, நாளைக்கு மட்டும் அப்பளம் வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டாள். நான் மட்டும் சத்தமாய் ஆமென் சொன்னேன். மழைக்கு நமத்துப்போனதை உன் மதினி அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்திருக்கிறாள். வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

உன் மதினியிடம், பன்னிரண்டணா போர்டிங்கில் கட்டுவதற்கு இருபதணாவுக்கு அப்பளம் வாங்குகிறாய், நேரே கட்டிவிட்டால் எட்டணா மிச்சமே என்றேன். "நேரே கட்டினா அவ பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவா. எட்டணா அவ ரோஷத்துக்குக் கூலி" என்றாள். பாலை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸ் சேலைக்குச் சேர்த்ததும் போய்விட்டது. அப்படியும் ஒவ்வொரு தரம் உலை வைக்கும்போதும் கோயிலுக்கு எடுத்து வைக்கிற பிடியரிசியில் ஒரு மணி குறைக்கவில்லை.

இன்னொன்று. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பொய்" என்று தலைப்புப் போட்டிருக்கிறாள். உனக்கு எழுதுகிற ஒவ்வொரு பொய்யையும் தேதி போட்டு எழுதுகிறாள், ஆண்டவரிடம் மொத்தமாய்த் தீர்ப்பதற்கு. இதுவரை நாலு. நீ பிள்ளைகள் எத்தனை, தெரு எது என்று கேட்டிருக்கிறாய். எண்ணிக்கை ஏறப்போகிறது. கைகொடு.

அண்ணன்

*

கல்லிடைக்குறிச்சி
12 டிசம்பர் 1911

பிரியமான மதினிக்கு, யூனிஸ் கிறிஸ்துமஸ் வாழ்த்துதல் சொல்லி எழுதுவது. எல்லாரும் சுகம். பிள்ளை தவழ்கிறான். அவர் கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறார்.

மழையால் இங்கே அப்பளம் காயவில்லை, அதனால் ஐந்நூறு அனுப்ப முடியாது. இனிமேல் மாதம் நூறுதான் கிடைக்கும்போல் இருக்கிறது. டாக்டர் வீட்டுக்கும் குமாஸ்தா வீட்டுக்கும் தையற்காரிக்கும் அதைக் கொடுங்கள். ஆனால் கவலை இல்லை. இங்கே ரயில் நிற்கிற நேரத்தில் நான் ஜன்னல் ஜன்னலாய் அப்பளம் விற்கப் பழகியிருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் கண்டும் காணாமல் இருக்கிறார். செங்கோட்டை போகிறவர்கள் நன்றாய் வாங்குகிறார்கள். முதல் நாள் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை, ரயில் போய்விட்டது. இப்போது என் சத்தத்துக்கு என்ஜின் பயப்படுகிறது. இந்த மாதம் போர்டிங் பணம் இங்கே இருந்தே கட்டிவிட்டேன்.

அருமைநாயகத்தம்மாளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. இருநூறு தின்று பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகுமா? அவர்களுக்கென்று தனியாய் முறுக்கு ஒரு பொட்டலமும், சேலை ஒன்றும் வைத்திருக்கிறேன். அரக்குக் கரை. உங்கள் உயரம்தான் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. கொடுத்துவிடுங்கள். கட்டினால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

யூனிஸ்

*

பாளையங்கோட்டை
4 ஜனவரி 1912

அன்பான யூனிஸுக்கு, மதினி புது வருஷ ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சுகமாய் இருக்கிறோம். உன் அண்ணனுக்கு வயிறு நேராகிவிட்டது, என்ன மாயமோ. நீ ரயிலில் சத்தம் போட்டு விற்கிறாய் என்று வாசித்து நான் அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு கிரேஸுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க அம்மா பாட்டுப் பாடினா கோயில்ல கண்ணாடி அதிரும், ரயில் எம்மாத்திரம்" என்றாள்.

அருமைநாயகத்தம்மாள் நாசரேத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எப்போது வருவார்கள் என்று தெரியாது. முறுக்கு கெட்டுப்போகும் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். சேலை பெட்டியில் இருக்கிறது. நான் தொடவில்லை. அவர்களைப் பற்றி இனி விசாரிக்காதே. கொஞ்சம் கூச்ச சுபாவம்.

ஜெபகனி

*

கல்லிடைக்குறிச்சி
1 பிப்ரவரி 1912

மதினிக்கு, யூனிஸ் சந்தோஷமாய் எழுதும் கார்டு. சுகம், சுகம். அவருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. மூட்டை தூக்கக்கூடாது என்றதால் ரயில்வே கேட்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பழைய கூலி. உட்கார்ந்துகொண்டே ஊரை நிறுத்துகிற வேலை என்று பெருமை தாங்கவில்லை. நன்றிக் காணிக்கையாய் உங்கள் சபை அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பெட்டி அப்பளம் கோயிலுக்கே அனுப்புகிறேன். ஏலத்தில் வைக்கட்டும். பெட்டிமேல் பேர் எழுதியிருக்கிறேன்.

யூனிஸ்

*

பாளையங்கோட்டை
20 பிப்ரவரி 1912

அடி யூனிஸ், சுகம் விசாரிப்பது கடைசியில். முதலில் நடந்ததைக் கேள்.

பண்டிகை ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலம் ஆரம்பித்தது. பூசணிக்காய், கோழி, வாழைத்தார், கருப்பட்டி, எல்லாம் போயிற்று. நான் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோயில் வேலை பார்க்கிற நேசையா உன் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி, "கல்லிடக்குறிச்சி அப்பளம் ஒரு பெட்டி! அருமைநாயகத்தம்மா காணிக்கை!" என்று சத்தம் போட்டார். எனக்குக் காதில் வண்டு பறந்தது. திரும்பி உன் அண்ணனைப் பார்த்தேன். மனுஷன் மாமரத்தில் குருவி எண்ணிக்கொண்டிருக்கிறார். அப்போதே விளங்கிவிட்டது.

உங்கள் சபையில் பேர் வாசிப்பதோடு சரி. அப்படித்தான் இங்கேயும் என்று நினைத்து நீ விளையாடியிருக்கிறாய். ஆனால் எங்கள் புதுக் குருவானவர், பேர் போட்ட காணிக்கை வந்தால் கொடுத்தவரை எழுந்து நிற்கச் சொல்லி அவருக்காக ஜெபம் பண்ணுகிறவர். "அருமைநாயகத்தம்மா எழுந்திருங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. "ஆருவே அது? நம்ம சபையில அப்படி ஒரு ஆளு கிடையாதே" என்றார் நேசையா. "பாளையங்கோட்டன்னுதான் எழுதியிருக்கு" என்றார் ஒருவர். "செத்துப்போனவுக பேருல குடுத்திருப்பாவளோ?" என்றாள் தையற்காரி. உடனே குருவானவர், "அப்படியானா அந்தக் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார்.

யூனிஸ், அதுவரை உனக்கு எழுதிய பொய் ஒன்பது. எல்லாம் என் நோட்டுக்குள் இருந்தது. இல்லாத மனுஷியை என் முன்னாலேயே சாகடித்து, சபை முழுவதையும் ஜெபத்தில் நிறுத்துவது பத்தாவது. அது என்னால் ஆகாது. எழுந்துவிட்டேன்.

"ஐயா, கண்ணைத் திறங்க. அப்படி ஒருத்தி இல்ல. நான்தான் உண்டாக்கினேன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. உன் பேரையும் கிரேஸ் பேரையும் சொல்லாமல், நாத்தனார் ஒருத்தி, ரோஷக்காரி என்று மட்டும் சொன்னேன். மாதம் இருநூறு தின்றது, அடுப்புக்குமேல் கயிறு கட்டினது, பொய்க்குப் பக்கம் ஒதுக்கினது, எல்லாம். முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு முற்றம் முழுவதும் சிரிப்பு. குருவானவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நேசையா விடவில்லை, "வாத்தியாரே, ஏலம் நீரே ஆரம்பியும்வே!" என்றார். உன் அண்ணன் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "எனக்கு வேண்டாம் சாமி, நான் என் பங்கைத் தின்னுட்டேன்" என்றார். ஆறணாப் பெட்டி மூன்று ரூபாய்க்குப் போயிற்று. ஏலம் எடுத்தது யார் தெரியுமா? போர்டிங் அம்மாள்.

எடுத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். ரசீது எழுதினவர்கள் அவர்கள்தானே, யார் பிள்ளைக்காக என்று தெரிந்துவிட்டது. மெதுவாய், "ஏளா ஜெபகனி, என் சமையல்கட்டில் நூற்றிருபது பிள்ளைகள் சாப்பிடுதுகள். மூணு தெரு தள்ளி இருந்துகொண்டு எனக்கு ஒரு அப்பளம் காட்டினியா?" என்றார்கள். பணம் கட்டப் போகிற வாசலில் எப்படி விற்பது என்று கூசி, அந்த ஒரு வாசலை விட்டுவிட்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறேன். கணக்குப் பார்க்கிறவள் செய்த தப்பு அது. இனிமேல் மாதம் ஐந்நூறு போர்டிங்குக்கு. லாபம் ஒரு ரூபாய் நாலணா. கிரேஸ் பன்னிரண்டணா போக எட்டணா மிச்சம் நிற்கும். அதை நீயும் நானும் எடுக்கவேண்டாம். கிரேஸுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிற பிள்ளைக்கு அப்பா இல்லை, அவளும் நின்றுவிடுகிற நிலைமை என்றார்கள். அவள் பேரில் கட்டச் சொல்லிவிட்டேன். மீதி நாலணா அவர்கள் போட்டுக்கொள்கிறார்களாம். உனக்குச் சம்மதம்தானே? சம்மதம் இல்லை என்று எழுதினாலும் ரசீது வாங்கியாயிற்று.

எல்லாம் கேட்டு கிரேஸ் என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோதெல்லாம் அப்பளம் பொரிச்சீங்களே, எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு நெனச்சா பொரிச்சீங்க?" ஆம் என்று சொல்ல வாய் வந்தது. நோட்டு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் கோடு போட்டு முடித்துவிட்டேன். ஒன்பதும் சபைக்கு முன்னால் தீர்ந்தது, நிலுவை இல்லை. சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினேன். உயரம் சரியாய் இருக்கிறது. கரை நன்றாய் இருக்கிறது. கட்டிக்கொண்டு நேற்றுக் கடைத்தெருவுக்குப் போனேன். தையற்காரி வாசலில் நின்று கூப்பிட்டாள், டாக்டர் வீட்டு வேலைக்காரி கூப்பிட்டாள், பால்காரர்கூட மாட்டை நிறுத்திக் கூப்பிட்டார். ஜெபகனி என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

அங்கே எல்லாரும் சுகந்தானே? அண்ணன் கேட்டில் ஜாக்கிரதையாய் இருக்கட்டும். பிள்ளைக்கு என் முத்தம். அடுத்த ரயிலில் ஐந்நூறு அனுப்பு.

இப்படிக்கு, உங்கள் ராத்திரி ஜெபத்தில் பேர் சேர்க்கப்பட்ட,
அருமைநாயகத்தம்மாள்